கேரவனில் பெரிய அறை யாருக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் பட்டறையின் குஷன் பிரிவுப் பெண்கள் தங்கள் கைப்பேசிக் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்கவில்லை. யாருக்குப் பிறந்தநாள், எந்த வண்டி இன்று டெலிவரி, யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று எல்லாச் சேதியும் எனக்கும் வந்துவிடும். பொங்கலுக்குச் சில நாள் முன்பு ஒரு வீடியோ வந்தது. சினிமாக்காரர்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஆச்சரியத் தகவல்களாம். அதில் ஒரு பெரிய கதாநாயகரின் படத்தைக் காட்டி, அவருடைய கேரவனில் கைகழுவும் குழாய்கூடத் தங்கம் என்றும், உயிருக்குப் பயந்து மெய்க்காப்பாளரையும் கேரவனுக்குள்ளேயே தூங்க வைக்கிறார் என்றும் பின்னணி இசையோடு சொன்னார்கள்.

அதற்குக் கீழே கவிதா கேட்டிருந்தாள். குஷன் பிரிவில் என் இடத்துக்கு வந்தவள் அவள். "அக்கா, இது நம்ம பட்டறைல கட்டுன வண்டிதானுங்களே. தங்கக் குழாய் நெசந்தானுங்களா?"

நான் பதில் போடவில்லை. பொங்கலன்று அதே நடிகர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்றைத் தானே சொன்னார். நிகழ்ச்சி முடிந்த கையோடு கவிதா கூப்பிட்டாள்.

"டிவி பாத்தீங்களாக்கா? இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"தெரியும் கண்ணு."

"அப்பறம் ஏனுங்க்கா எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"அது அவுங்க ஊட்டு விசயம். இப்ப அவரே சொல்லிப்போட்டாரு."

"அப்படின்னா எழுதிக் குடுங்க. ஆயுத பூஜைக்குப் பட்டறைல மலர் போடறாங்கல்லங்க, அதுல போட்டுக்கலாம்."

அவள் கேட்டதற்காக எழுதுகிறேன். நடிகரின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

நான் ராசிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி நாமக்கல் வந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் நூலும் துணியும்தான். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். அவருடைய சீட் கிழிந்தபோது பழைய ரெக்ஸினை வைத்து நானே தைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்த இன்னொரு டிரைவர் தனக்கும் கேட்டார். அப்படியே பேச்சு பரவி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். முதல் சில வருடங்கள் ஊசி உடைவதும் விரல் கிழிவதும் ரெக்ஸின் வாசனையில் தலைவலிப்பதுமாகப் போயின. பிறகு கை பழகிவிட்டது. லாரி சீட்டிலிருந்து பஸ் சீட், பஸ் சீட்டிலிருந்து கேரவன் என்று பட்டறை வளர, நானும் கூடவே வளர்ந்தேன்.

சினிமாக்காரர்களின் கேரவன் எல்லாம் சென்னையிலோ மும்பையிலோ கட்டப்படுவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். எங்கள் பட்டறையில் ஒரே கொட்டகையில் இந்தப் பக்கம் முட்டை ஏற்றும் லாரி நிற்கும், அந்தப் பக்கம் நட்சத்திரத்தின் கேரவன் நிற்கும். சட்டமடித்துத் தகடு போடுவது குமரேசன். அவர்தான் எங்கள் ஃபிட்டர்களுக்கு மூத்தவர். உள்ளே மெத்தையும் சுவர் உறையும் திரைச்சீலையும் என் பொறுப்பு.

எங்கள் முதலாளி சென்னியப்பன். அதட்டிப் பேசத் தெரியாதவர். கூட்டிப் பெருக்க வருகிறவர்களிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வேலை முடிந்த வண்டிக்குள் ஏறும்போது செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். கோயிலுக்குள் போகிற மாதிரி என்று புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். காரணம் வேறு. வெறுங்காலில் நடந்தால்தான் தரையில் எங்கே மேடு, எங்கே ஆணித்தலை என்று தெரியும் என்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சுவர் முழுக்கத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார். கை எங்கே நிற்கிறதோ அங்கே குறை இருக்கிறது என்று அர்த்தம். திட்ட மாட்டார். "அம்மிணி, இங்க கை நிக்குதுங்களே" என்பார். அவ்வளவுதான். அந்தப் பலகையைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து செய்வோம்.

நடிகர் நடிகைகள் கேரவனில் என்ன கேட்பார்கள் என்று என்னிடம் பலர் விசாரித்திருக்கிறார்கள். தங்கம், வைரம் என்று யாரும் கேட்டதில்லை. திரையில் பத்துப் பேரைப் பந்தாடும் ஒரு வில்லன் நடிகருக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். உள்ளே ஊசி நுழையும் இடைவெளிகூட இருக்கக்கூடாது என்று சொல்லி, டார்ச் அடித்துக்கொண்டு மூலை மூலையாகத் தானே தேடிப் பார்த்தார். ஊரையே சிரிக்கவைக்கும் ஒரு நகைச்சுவை நடிகருக்கு ஒற்றைத் தலைவலி. அவர் கேட்டது வெளிச்சம் துளியும் நுழையாத ஓர் இருட்டறை. டிவி தொடரில் மருமகளைக் கொடுமைப்படுத்துகிற ஒரு அம்மா, தன் படுக்கையைக் குறுக்கிக்கொண்டு அந்த இடத்தில் மகளுக்குப் படிக்கிற மேசை போடச் சொன்னார். நடனத்துக்குப் பேர்போன ஒரு நடிகை ஓய்வறையில் கண்ணாடியே வேண்டாம் என்றார். "நாள் முழுக்க என் முகத்தைத்தான் பாக்கறேன். அங்கயாவது இல்லாம இருக்கட்டுமே" என்றார். இன்னொருவருக்குச் சட்னியை அம்மியில்தான் அரைக்க வேண்டும். வண்டிக்குள் அம்மியை எங்கே வைப்பது? தரையோடு ஒரு பெட்டி செய்து, உள்ளே ரப்பர் ஒட்டி, அம்மியை அதில் உட்காரவைத்தோம். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி ஏற்காடு மலைப்பாதையில் வண்டியை ஏற்றி இறக்கிப் பார்த்தார் முதலாளி. ஒரு வளைவிலும் அம்மி அசையவில்லை. கூடப் போன குமரேசனுக்குத்தான் வாந்தி.

இப்படிச் சிரித்துக்கொண்டே வேலை செய்த நாட்களில்தான் அந்தக் கதாநாயகரின் கேரவன் வேலை வந்தது.

அவருடைய மேனேஜர் சென்னையிலிருந்து வந்து என்னென்ன வேண்டும் என்று சொன்னார். வண்டியில் இரண்டு அறை. முன்பக்கம் சின்ன அறை, ஒருவர் படுக்கும் அளவுக்குத்தான். அது கதாநாயகருக்கு. பின்பக்கம் பெரிய அறை. அது யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அந்த அறையில் கட்டில் கூடாது, மெத்தை தரையை ஒட்டியே இருக்க வேண்டும். சுவர் முழுக்க ஆள் உயரத்துக்கு மெத்தை வைக்க வேண்டும். எந்த மூலையும் கூர்மையாக இருக்கக்கூடாது. ஜன்னலில் கண்ணாடி கூடாது, உடையாத பிளாஸ்டிக் தகடுதான் போட வேண்டும். விளக்கு கண்ணைச் சிமிட்டக்கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உட்பக்கம் தாழ்ப்பாளே கூடாது.

மேனேஜர் போனதும் பட்டறையில் பேச்சு கிளம்பிவிட்டது.

"தண்ணியப் போட்டுட்டுச் செவுத்துல முட்டிக்குவாராட்டக்குது" என்றார் குமரேசன். "இல்லீன்னா எதுக்குச் செவுத்துக்கெல்லாம் மெத்த?"

"பேய் புடிச்சிருக்குமோ என்னமோ" என்றார் பெயிண்ட் அடிக்கிறவர்.

முதலாளி பின்னால் வந்து நின்றதை அவர்கள் கவனிக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. "குமரேசன், நாம வண்டிக்குக் கதவு எதுக்குங்க வைக்கறோம்?" என்று கேட்டார்.

குமரேசன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"உள்ள இருக்கறவங்க நிம்மதியா உள்ள இருக்கட்டும்னுதானுங்க. யாருக்குன்னு அவுங்களுக்கே சொல்லத் தோணுனாச் சொல்லுவாங்க. நாம ஒழுங்காக் கதவ வைப்போம்."

அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. வேலை மட்டும் நடந்தது. வழக்கமாகச் சுவர்ப் பலகையில் ஃபோம் ஒட்டி, ரெக்ஸின் போர்த்தி, முகப்பில் திருகாணி போட்டு, அதன் தலையைப் பித்தானால் மறைப்போம். பித்தான் கழன்றால் உள்ளே திருகாணி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் இந்த அறைக்குப் பலகையின் பின்பக்கமே கொக்கி வைத்துச் சுவரில் மாட்டிவிடும்படி குமரேசன் செய்தார். மடிப்புத் தையல் எல்லாவற்றையும் நான் பின்பக்கமாகத் தள்ளிவிட்டேன். அடியில் கெட்டியான ஃபோம், அதன்மேல் மிருதுவான ஃபோம் என்று இரண்டடுக்கு வைத்தேன். மிருதுவானது மட்டும் இருந்தால் வேகமாக மோதும்போது அமுங்கிப் பலகை தட்டும். கெட்டியானது மட்டும் இருந்தால் அதுவே வலிக்கும். என் தலையாலேயே மோதிப் பார்த்துத்தான் எவ்வளவு கனம் என்று முடிவு செய்தேன். குமரேசனின் மனைவி அந்த நேரம் சாப்பாடு கொண்டுவந்தவர், நான் சுவரில் முட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, ஊட்ல ஏதாச்சும் சண்டைங்களா?" என்று கேட்டார்.

வேலை முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி என்னையும் குமரேசனையும் மட்டும் வரச் சொன்னார். பட்டறைக்கு விடுமுறை. சாதாரண கார் ஒன்று வந்து நின்றது. முன்னால் இறங்கியவர் தொப்பியைக் கழற்றியபோதுதான் அந்தக் கதாநாயகர் என்று தெரிந்தது. பின்கதவைத் திறந்து ஒருவரைக் கைப்பிடித்து இறக்கினார். நல்ல உயரம், அகன்ற தோள், மொட்டையடித்த தலை. பத்திரிகைகளில் கதாநாயகருக்குப் பின்னால் எப்போதும் நிற்கிற அந்த மெய்க்காப்பாளர். நாங்கள் வணக்கம் சொன்னோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. கதாநாயகரின் இரண்டு விரல்களை மட்டும் இறுகப் பிடித்திருந்தார்.

கேரவன் வாசலுக்கு வந்ததும் கதாநாயகர் கீழே குனிந்து அந்த மனிதரின் செருப்பைக் கழற்றினார். "ஏறுண்ணே" என்றார். "இது உன்னோட ரூம்."

நான் குமரேசனைப் பார்த்தேன். குமரேசன் தரையைப் பார்த்தார். மெய்க்காப்பாளர் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தவர் கதாநாயகரின் கூடப்பிறந்த அண்ணன். கிட்டத்தில் பார்த்தபோது மொட்டைத் தலையில் தழும்பு தழும்பாக இருந்தது. புருவத்தில் தையல் போட்ட புதுக் காயம்.

அண்ணன் உள்ளே ஏறினார். சுவர் மெத்தையில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். வெயிலில் நின்றிருந்த வண்டி, ரெக்ஸின் கையில் ஒட்டியிருக்கும். மறுபடி ஒரு விரலால் தொட்டார், முகர்ந்து பார்த்தார். "வேண்டாம்" என்று ஒரே சொல்தான் சொன்னார். இறங்கி வந்து வேப்பமரத்தடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி எவ்வளவு கெஞ்சியும் எழவில்லை.

கதாநாயகர் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். படத்தில் பார்க்கிற ஆளாகவே அவர் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் போலத்தான் இருந்தார்.

"அண்ணனுக்குச் சின்ன வயசிலேருந்தே வலிப்புங்க. விவரம் குழந்தை மாதிரிதான்" என்றார். "அம்மா இருந்தவரைக்கும் அவங்க பாத்துக்கிட்டாங்க. அவங்க போனதுக்கப்புறம் ஆள் வச்சேன். ஒரு நாள் ஷூட்டிங் சீக்கிரம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, அண்ணனை ஜன்னல் கம்பில கட்டி வச்சிருந்தாங்க. அந்த நாளோட வெளியூர் ஷூட்டிங்கை நிறுத்திட்டேன். திமிர் பிடிச்சவன், சொன்ன தேதிக்கு வரமாட்டான்னு பத்திரிகைல எழுதினாங்க. எழுதட்டும்னு விட்டுட்டேன்."

முதலாளி இன்னொரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இப்ப ஒரு நல்ல படம் வந்திருக்கு. மாசக்கணக்கா வெளியூர்லதான் எடுக்கணும். அண்ணன் கூடவே இருந்தாத்தான் போக முடியும். அவர் ஏறலைன்னா நான் இந்தப் படத்தை விட்டுடுவேன். உங்க மேல குறை இல்லீங்க. வண்டி அருமையா இருக்கு."

நான் அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சொம்பை வாங்கவில்லை. என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் துணியைத் தேய்த்தார். பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, விடு" என்று கதாநாயகர் பதறி எழுந்தார். "மன்னிச்சுக்குங்கம்மா."

"இருக்கட்டுங்க" என்றேன். அது பழைய பருத்திச் சேலை. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது.

முதலாளி அருகில் வந்து குந்தினார். அண்ணனின் விரல் துணியில் போய் வருவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அம்மிணி, இது எங்க எடுத்த சீலைங்க?"

"கடைல எடுத்ததில்லீங்க. எந்தம்பி குமாரபாளையத்துல தறி போட்டிருக்கறானுங்க. அவன் ஓட்டுன துணி."

"அந்த ரூம் முழுக்க இந்தத் துணியப் போத்த முடியுங்களா?"

பருத்தி தண்ணீர் குடிக்கும். வலிப்பு வரும்போது எச்சில் வழியும், சில நேரம் சிறுநீரும் போகும். மெத்தை நனைந்தால் நாற்றமெடுத்துவிடும். அதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெக்ஸின் அடியில இருக்கட்டுங்க. தலகாணிக்கு உறை போடற மாதிரி மேல துணிய மாட்டிக்கலாம். அழுக்கானாக் கழட்டித் தொவைச்சுக்கலாம்" என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணனைப் பார்த்தோம். அவர் முந்தானையை இன்னும் விடவில்லை.

குமாரபாளையத்தில் என் தம்பியிடம் சொன்னதும், மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதை நெய்து கொடுத்தான். சந்தன நிறம், சன்னமான கட்டம். புதுத் துணியில் கஞ்சி மொடமொடப்பு இருக்கும். அப்படியே போட்டால் அண்ணன் தொட மாட்டார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் துவைப்பதும் வெயிலில் போடுவதும் மறுபடி துவைப்பதுமாக இருந்தேன். லாரியில் வெளியூர் நடை போய்த் திரும்பிய என் வீட்டுக்காரர், கொடி முழுக்கச் சந்தன நிறத் துணி தொங்குவதைப் பார்த்து, "யாரு ஊட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல்?" என்று கேட்டார். அவரிடமும் காரணம் சொல்லவில்லை. இருந்தாலும் துணியைப் பிழியக் கைகொடுத்தார். பித்தான், ஜிப், நாடா எதுவும் இல்லாமல், பலகையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்து உறைகளைத் தைத்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் சினிமாச் செய்தி போடும் சேனல்காரர் ஒருவர் கேமராவோடு வந்து நின்றார். அந்தக் கதாநாயகரின் வண்டி இங்கேதான் இருக்கிறது என்று எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார். முதலாளி வெளியூர் போயிருந்தார். வாசலில் இருந்தது குமரேசன்.

"உள்ளே அப்படி என்ன ஸ்பெஷல்னு சொல்லுங்களேன்" என்று அவர் விடாமல் கேட்டார். "ஏதோ ரகசிய ரூம் இருக்காமே?"

முதலில் வதந்தியைக் கிளப்பியவர் குமரேசன்தான் என்பதால் எனக்குத் திக்கென்றது. குமரேசன் கையைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ரகசிய ரூமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க. கை கழுவற கொழாய் இருக்குதில்லீங்களா, அது தங்கம்."

அந்த மனிதர் சந்தோஷமாகப் போய்விட்டார். அந்தத் தங்கக் குழாய்தான் இத்தனை வருடம் ஓடி, இந்தப் பொங்கலுக்குக் கவிதாவின் கைப்பேசி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நிஜத்தில் அது நாமக்கல் கடைவீதியில் வாங்கிய ஸ்டீல் குழாய்.

அடுத்த முறை அண்ணனும் தம்பியும் வந்தபோது, வண்டியை முன்கூட்டியே நிழலில் நிறுத்தியிருந்தோம். அண்ணன் ஏறினார். ஒரு விரலால் சுவரைத் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார். பிறகு கன்னத்தை வைத்தார். அப்படியே சரிந்து மெத்தையில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார். வாசலில் நின்ற கதாநாயகர் ஒரு பெருமூச்சு விட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஓடுகிற வண்டியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க மோகனூர் சாலையில் கொஞ்ச தூரம் போய்வரலாம் என்றார் முதலாளி. அவரே ஓட்டினார். பின்னறையில் அண்ணன், தம்பி, உறைகள் நகர்கின்றனவா என்று பார்க்க நான். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு போயின. அண்ணன் ஜன்னல் வழியே அவற்றைப் பார்த்துச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டிருந்தவரின் முகம் சட்டென்று ஒரு பக்கமாக இழுத்தது. உடம்பு விறைத்தது. அப்படியே பக்கவாட்டில் சுவர்மேல் விழுந்தார். பெரிய உடம்பு. தலை மெத்தையில் மோதித் திரும்ப வந்து மறுபடி மோதியது. நான் பயந்துபோய், முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த முதலாளிக்குக் கேட்கும்படி தடுப்பைத் தட்டினேன். முதலாளி வண்டியைச் சாலையோரம் மெதுவாக நிறுத்தினார்.

"பிடிக்காதீங்கம்மா" என்றார் கதாநாயகர். குரலில் பதற்றமே இல்லை. "பிடிச்சா அவருக்குத்தான் வலிக்கும். தானா அடங்கும்." அண்ணனை ஒருக்களித்துத் திருப்பிவிட்டு, சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணனின் கையும் காலும் சுவரை அடித்தன, தரையை அடித்தன. மெத்தை ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொண்டது. உறை ஓர் இடத்திலும் நழுவவில்லை. எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. அதிக நேரம் ஆகியிருக்காது.

அடங்கியதும் அண்ணன் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். கதாநாயகர் அவருடைய தலையை மடியில் எடுத்து வைத்து, விரல்களால் மண்டை முழுக்கத் தடவினார். நெற்றி, காதுக்குப் பின்னால், பிடரி. முழங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். மறுபடி தலையைத் தடவினார்.

"எங்கயும் அடிபடல" என்றார். என்னிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "அம்மா போனதுக்கப்புறம் ரத்தம் வராம முடிஞ்சது இதுதான் முதல் தடவைம்மா."

அண்ணனின் தலைமேல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டார். நானும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். வெளியே செருப்பில்லாமல் நின்றிருந்த முதலாளி, கதவைப் பாதி திறந்து, "தண்ணி வேணுமுங்களா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்ததும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய் வண்டியை எடுத்தார். திரும்பி வரும்போது அவர் ஓட்டிய ஓட்டத்தில் வண்டி நகர்வதே தெரியவில்லை.

பட்டறையில் குமரேசனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அந்த அறைக்குள் ஏறி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு யாரும் சொல்லாமலே கதவின் உட்கைப்பிடியைக் கழற்றி, கதவுக்குள் பதிந்திருக்கிற மாதிரி வேறொன்று செய்து பொருத்தினார்.

படம் எடுத்தார்கள், வந்தது, நன்றாக ஓடியது. நாங்கள் குடும்பத்தோடு தியேட்டரில் பார்த்தோம். மலையிலும் பாலைவனத்திலும் அவர் குதிரையேறிச் சண்டை போடும்போது ஜனங்கள் கைதட்டினார்கள். என் கண் மட்டும் திரையின் ஓரத்துக்கே போனது. அந்த ஓரத்துக்கு அப்பால் எங்கேயோ எங்கள் வண்டி நின்றுகொண்டிருக்கும், அண்ணன் உள்ளே படுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

வருடம் ஒருமுறை உறைகளை மாற்ற வண்டி வரும். அண்ணனும் வருவார். நேராக என் தையல் மேசைக்கு வந்து, மடித்து வைத்த துணிகள்மேல் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பட்டறையில் யாரும் அவரை வேடிக்கை பார்த்ததில்லை. அவர் யார் என்று தெரிந்த நாங்கள் மூன்று பேரும் யாரிடமும் மூச்சுவிட்டதுமில்லை. முதலாளி எங்களிடம் சத்தியம் வாங்கவில்லை. அவர் எதிர்பார்க்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது. அப்படிப்பட்ட ஒருவரிடம் வேலை பார்க்கக் கிடைத்ததை நான் என் அதிர்ஷ்டமாகத்தான் நினைக்கிறேன். கைக்குத் தொழிலும் வீட்டுக்குச் சோறும் இந்தப் பட்டறை கொடுத்தது. அதோடு, நான் தைத்த ஒரு சுவரில் ஒரு மனிதர் மோதிக் காயமில்லாமல் எழுந்ததைக் கண்ணால் பார்க்கவும் கொடுத்தது.

நான் ஓய்வு பெற்ற மறுவருடம் உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சென்னை போனேன். பட்டறையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கே கார் வந்துவிட்டது. கதாநாயகரின் வீடு பெரிய பங்களா. ஆனால் கார் நின்றது வீட்டு வாசலில் இல்லை. தோட்டத்தில் மாமர நிழலில் எங்கள் கேரவன் நின்றுகொண்டிருந்தது. படப்பிடிப்புகளைக் குறைத்துக்கொண்ட பிறகும் அதை அவர் விற்கவில்லை. அண்ணனுக்கு வேறு எங்கும் தூக்கம் வராதாம். அதனால் பங்களாவைப் பூட்டிவிட்டு அண்ணன் பெரிய அறையிலும் தம்பி சின்ன அறையிலும் படுத்துக்கொள்கிறார்களாம். இதை அவர் டிவியில் சொல்லவில்லை. எழுதலாமா என்று ஃபோனில் கேட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து முந்தானையைப் பிடித்தார். அப்படியே வண்டிக்குள் கூட்டிப் போய், தன் மெத்தையைத் தட்டிக் காட்டினார். "தூங்கு" என்றார்.

"ராத்திரி முழுக்க பஸ்ல வந்தவங்கன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். அதான்" என்றார் கதாநாயகர் வெளியிலிருந்து. "ஒரு நிமிஷம் படுங்கம்மா. இல்லேன்னா விடமாட்டார்."

பேருக்குப் படுத்தேன். அண்ணன் விசிறியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். துணியில் துவைத்த வெயில் வாசனை இருந்தது. எத்தனையோ வண்டிகளுக்கு மெத்தை செய்திருக்கிறேன். ஒன்றிலும் படுத்துத் தூங்கியதில்லை. எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை.

விழித்துக் கதவைத் திறந்தபோது மாமர நிழல் இடம் மாறியிருந்தது. அண்ணனும் தம்பியும் வண்டிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கதை சொல்ல வந்த டைரக்டர் ஒருவர் கொஞ்சம் தள்ளி, கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கப் பார்த்தார். என்னைக் கவனிக்காத கதாநாயகர் உதட்டில் விரலை வைத்து, உள்ளே ஆள் தூங்குகிறார் என்று சைகை காட்டினார்.

அண்ணன்தான் என்னை முதலில் பார்த்தார். என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"நல்லாத் தூங்குனனுங்க சாமி" என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.